மூவாயிரம் புள்ளிகளும் ஒரு கறையும்

கனசாவா
டிசம்பர் 18

தமாகி சித்திக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் ஒற்றைச் செருப்புதான். வீட்டுக்குள் போடும் அந்த நீலச் செருப்பு, பின்வாசல் பனியில் குப்புறக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் உங்களைப் பார்த்தேன். பனிக்குள் புதைத்து வைத்திருந்த முள்ளங்கியை எடுத்துக் கையில் இறுகப் பிடித்திருந்தீர்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போதும் அதை விடவில்லை. "அம்மா, அதைக் கீழே வைங்க" என்றார் ஒருவர். "அடுப்புல பாத்திரம் இருக்குப்பா, இது இப்பவே வேணும்" என்றீர்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையில் அடி பட்டிருக்குமோ என்று நினைத்திருப்பார்.

வலி எப்படி இருக்கிறது? இடுப்பிலும் வலது மணிக்கட்டிலும் தகடு வைத்திருப்பதாகப் பக்கத்து மீன்கடைத் தொமிகோசான் விசாரித்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பரவுவதால் யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். போனில் பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அடுப்பை அணைத்துவிட்டேன். மகினோசான் கோட்டில் குத்திக்கொள்ளக் கேட்ட புரூச்சைத் தொடாமல், நீங்கள் வைத்த தட்டிலேயே மூடி வைத்திருக்கிறேன். அவருக்கு என்ன சொல்வது? மார்ச் ஒன்றாம் தேதி அவர் மகளுக்குப் பள்ளியில் பட்டமளிப்பு விழா.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

இரோஹா


டிசம்பர் 27

இரோஹா,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் கஞ்சி. மார்ச் கடைசி வரை இங்கேதான்.

மகினோவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிவிடு. முடியவில்லை என்று சொல். நல்ல பெண், புரிந்துகொள்வாள்.

குழாய் உறையாமல் இரவில் தண்ணீரைச் சொட்ட விடு. நீ சாப்பிடு.

தமாகி


ஜனவரி 6

தமாகி சித்திக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். தொமிகோசான் புத்தாண்டு சூப்பு கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். நீங்கள் அங்கே அரிசி உருண்டை போட்ட சூப்பு சாப்பிட்டீர்களா, இல்லை தொண்டையில் அடைக்கும் என்று கொடுக்கவில்லையா?

மகினோசானுக்கு மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்றையும் அனுப்பவில்லை. எழுதும்போதெல்லாம் தட்டைத் திறந்து புரூச்சைப் பார்த்துவிடுகிறேன். அதுதான் தப்பாகிப் போகிறது.

அவர் முதல்முறை வந்தது நினைவிருக்கிறதா? "என்ன மாதிரி வேணும்?" என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பூ, இலை, பறவை என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "பெரிய பானையோட மூடியைத் திறந்தா மூஞ்சில ஒரு ஆவி அடிக்கும் பாருங்க, அது" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அன்று மாலையே செம்பையும் பொன்னையும் உருக்கினீர்கள்.

வடிவம் முடிந்துவிட்டது. ஆவிக்காக நீங்கள் வைத்த புள்ளிகளும் முடிந்துவிட்டன. ஊசி வைத்தாகிவிட்டது. நிறம் ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி. இரண்டு வருடமாக நீங்கள் நிறம் ஏற்றும் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நான் ஏற்றட்டுமா?

வேண்டாம் என்றால் நாலாவது கடிதத்தை அனுப்பிவிடுகிறேன்.

இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா?

இரோஹா


ஜனவரி 12

இரோஹா,

உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன்.

செய்.

கரைசல் உனக்குத் தெரியும். எண்ணெய் மட்டும் ஆகாது. விரல் பட்டால்கூட அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. கரித்தூளும் சோடாவும் போட்டு மென்தூரிகையால் கழுவு. துருவிய முள்ளங்கியில் முக்கி, காய விடாமல் நேராகப் பாத்திரத்துக்குள் இறக்கு. நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இரு. முகத்தை மூடிக்கொள், ஜன்னலைத் திற.

பயந்தால் செய்யாதே. பயந்தும் செய்தால் நல்லது.

கை தேறி வருகிறது. கட்டைப் பிரித்துவிட்டார்கள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று தொமிகோவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

தமாகி


ஜனவரி 21

தமாகி சித்திக்கு,

கட்டைப் பிரித்தது கேட்டு நிம்மதி. இங்கே நாலு நாளாகப் பனி நிற்கவில்லை. தெருவில் வழி வெட்டினால் ஒரு மணி நேரத்தில் மூடிவிடுகிறது.

பதினெட்டாம் தேதி நிறம் ஏற்றினேன். கறுப்பு வந்துவிட்டது. நீங்கள் சொல்வீர்களே, கத்தரிக்காய்த் தோல் மாதிரி, உள்ளே ஊதா இருக்கிற கறுப்பு. விளிம்பில் நீங்கள் வைத்த வெள்ளிக் கோடு அப்படியே வெளுப்பாக நிற்கிறது.

தொமிகோசான் பார்த்துவிட்டு, "இது என்ன, நனைஞ்சுபோன கடற்பாசித் தாளா?" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும்.

கால் ஊன்ற முடிகிறதா? உணவில் உப்பு போடுகிறார்களா? உங்களுக்கு ஏதாவது அனுப்பட்டுமா?

இரோஹா


ஜனவரி 27

இரோஹா,

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். நர்சுக்குப் படித்தேன். சுத்தம் செய்ய வந்தவருக்கும் படித்தேன். எல்லோருக்கும் இப்போது முள்ளங்கி விஷயம் தெரியும்.

முப்பது வருடத்துக்கு முன் என் முதல் கண்காட்சியில், ஒரு மனிதர் என் புரூச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கல் எங்கேம்மா?" என்றார். கல் இல்லை என்றேன். "அப்ப விழுந்துடுச்சா?" என்று கேட்டுத் தரையில் தேட ஆரம்பித்தார். இரண்டு பேரும் குனிந்து தேடினோம். பாவம், அவரைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்போது நானும் உன்னைப் போலப் பேசமாட்டேன்.

மகினோவின் புரூச்சில் மூவாயிரம் புள்ளிகள். எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் அவ்வளவு இருக்கும். மெல்லிய உளி, காதில் கேட்காத அடி. கீழே நெருக்கமாக, மேலே போகப் போகக் கலைந்து. இதுவரை நான் வைத்ததிலேயே அவைதான் நன்றாக வந்தன.

ஒரு படம் எடுத்து அனுப்பு. அருகில் வைத்து எடு.

நீ இருந்ததால் ஆயிற்று. நன்றி.

தமாகி


பிப்ரவரி 3

தமாகி சித்திக்கு,

இன்று பேய் விரட்டும் நாள் அல்லவா, வறுத்த சோயா பீன்ஸ் எறிந்தேன். தனியாக எறிவது வேடிக்கையாக இருந்தது. "பேயே வெளியே போ" என்று மெதுவாகச் சொன்னேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொமிகோசான், "பேய்க்கே காது கேக்கலை, சத்தமா சொல்லுடி" என்றார்.

படம் சரியாக வரவில்லை. கறுப்பாக இருப்பதால் ஒளி சரியாக விழவில்லை. இன்னொரு நாள் எடுக்கிறேன்.

கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் இடது கையால்தான் எழுதுகிறீர்கள்.

நலமாக இருங்கள்.

இரோஹா


பிப்ரவரி 10

தமாகி,

நான்தான் தொமிகோ. என் கையெழுத்து உனக்குத் தெரியாது, இருபது வருஷப் பழக்கத்துல இப்பதான் முதல் கடிதாசி போடறேன். எப்படி இருக்கே? அங்கே மீன் தர்றாங்களா? தந்தாலும் அது மீனா இருக்காது.

விஷயம் உன் பொண்ணைப் பத்தி. சாப்பிடமாட்டேங்கறா. அவ வாங்கியிருக்கறது எத்தனை முள்ளங்கி தெரியுமா? பதினொண்ணு. காய்கறிக்காரர் என்கிட்ட வந்து "அந்தப் பொண்ணு ஊறுகாய்க் கடை போடப் போறாளா?"ன்னு கேக்கறார். தினமும் செம்புத் துண்டைக் கறுப்பாக்கறா, தேய்க்கறா, மறுபடி கறுப்பாக்கறா. கேட்டா "ஒண்ணுமில்லைங்க"ன்னு குனிஞ்சுக்கறா. அந்தப் பொண்ணோட "ஒண்ணுமில்லை" எனக்குப் பிடிக்கலை.

அன்னிக்கு அந்த புரூச்சுக்கு நிறம் ஏத்தின நாள்கூட நான் அங்கேதான் இருந்தேன். கொழுப்பு சொட்டச் சொட்ட மீன் சுட்டு எடுத்துட்டுப் போனேன். அவ வெளியே பனி அள்ளிட்டிருந்தா. மேசை மேல கிண்ணம் நிறைய முள்ளங்கி துருவி வெச்சிருந்தா. மீனுக்குத் தொட்டுக்க எனக்குத்தான்னு நினைச்சு, மீன் தின்ன குச்சியாலேயே ரெண்டு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். என்ன ருசி போ! நம்ம ஊர் முள்ளங்கிதான் முள்ளங்கி. பொண்ணுக்குக் கை நேர்த்தி இருக்கு, நல்லா மெல்லிசா துருவறா.

சீக்கிரம் வா. உன் பக்கத்துச் சுவர்ல சுத்தியல் சத்தம் இல்லாம எனக்கு மத்தியானத் தூக்கம் வரமாட்டேங்குது.

தொமிகோ


பிப்ரவரி 13

இரோஹா,

தொமிகோ எழுதியிருந்தாள். நீ வாங்கிய முள்ளங்கி பற்றியும், மீன் தின்ற குச்சியால் அவள் உன் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தின்றது பற்றியும்.

நீ எழுதுவதற்கு முன் நான் ஒன்று எழுதிவிடுகிறேன். கை தேறி வருகிறது என்று சொன்னேன். எலும்பு தேறிவிட்டது. ஆனால் வலது கட்டைவிரலிலும் அடுத்த விரலிலும் உணர்வு இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தேன். சூடு தெரியவில்லை. நர்ஸ்தான் ஓடி வந்து பிடுங்கினாள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். புள்ளி வைக்கும் உளி அந்த இரண்டு விரலுக்கு நடுவில்தான் நிற்கும். உனக்குத் தெரியும்.

நீ பாத்திரத்தின் முன் தனியாக நிற்கப் போகிறாய், இந்தப் புள்ளிகளை என்னால் மறுபடி வைக்க முடியாது என்று தெரிந்தால் உன் கை நடுங்கும் என்று நினைத்தேன். அதனால் சொல்லவில்லை. சொல்லாதது தப்பு.

முப்பது வருடம் அந்த இரண்டு விரலும் எனக்கு உழைத்தன. நேற்று அவற்றை நீவிக்கொண்டே நன்றி சொன்னேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் "யார்கிட்டம்மா பேசறே?" என்றாள். இனி இடது கையால் கம்பி வளைப்பேன். கோணலாகத்தான் வரும். கோணலானதை விற்பது எனக்கொன்றும் புதிது இல்லை.

இப்போது நீ சொல். கோபம் இல்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்.

தமாகி


பிப்ரவரி 16

சித்தி,

உங்கள் விரல்களைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் பட்டறைக்குள் போகவில்லை. சாப்பிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

புரூச்சின் வலது ஓரத்தில், கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறை இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கறுப்பு. அங்கே மட்டும் வெந்த செங்கல் நிறம். பாத்திரத்திலிருந்து எடுத்த உடனே தெரிந்தது. கறுப்பு வந்துவிட்டது என்று எழுதினேனே, அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

தொமிகோசான் முள்ளங்கி சாப்பிட்டது உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் தப்பு அவருடையது இல்லை. பனி அள்ளிவிட்டு உள்ளே வந்தபோது, கிண்ணத்துச் சாற்றின் மேல் கடுகளவு ஒரு வட்டம் மினுங்கியதைப் பார்த்தேன். விளக்கின் வெளிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாத்திரம் சூடாகியிருந்தது. இன்னொரு முள்ளங்கி துருவியிருந்தால் ஐந்து நிமிடம். பின்வாசலில்தான் இருந்தது. அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. நீங்கள் விழுந்த இடம்.

கறையை எடுக்க முடியும். கரித்தூள் போட்டுத் தேய்த்து மறுபடி நிறம் ஏற்றலாம். செம்புத் துண்டுகளில் உங்கள் மாதிரிப் புள்ளிகள் வைத்து, பதினொரு முறை செய்து பார்த்தேன். பதினொரு முறையும் கறை போயிற்று. பதினொரு முறையும் தேய்த்த இடத்தில் புள்ளிகளும் மழுங்கிப் போயின. இருபத்தாறாம் தேதி மகினோசான் வாங்க வருகிறார். தேய்ப்பதா, அப்படியே கொடுப்பதா என்று தெரியவில்லை. கறையைப் பற்றி ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்துவிடட்டுமா?

இன்னொன்று. அவர் மகள் ரின்காவும் நானும் முதல் வருடம் ஒரே வகுப்பு. எனக்கும் மார்ச் ஒன்றாம் தேதிதான் விழாவாக இருந்திருக்கும். நான் பள்ளியை விட்டு உங்களிடம் வந்த அன்று, ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஒரு சல்லடையைக் கையில் கொடுத்து, "இதுல வெள்ளித்தூள் விழும், பறக்காம பாத்துக்கோ" என்றீர்கள். அன்று முழுவதும் மூச்சுகூட மெதுவாக விட்டேன். அதற்கு இதுவரை நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி.

தொமிகோசானிடம் மீன் விஷயத்தைச் சொல்லிவிடாதீர்கள். என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விரல்களைச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரோஹா


பிப்ரவரி 20

இரோஹா,

தொமிகோவிடம் சாகும்வரை சொல்லமாட்டேன். சொன்னால் அவள் இனிமேல் மீன் கொண்டுவரமாட்டாள். நஷ்டம் நமக்குத்தான்.

தேய்க்காதே என்று எழுத ஆரம்பித்தேன். பிறகு கிழித்துவிட்டேன். அவை என் கடைசிப் புள்ளிகளாக இருக்கலாம் என்பது என் கவலை. அதை மகினோவின் மார்பில் குத்தி அனுப்பக் கூடாது. அவள் கேட்டது ஆவி. அதற்காக ஒரு வருடம் காத்திருந்தாள். மகளின் விழாவுக்குப் போட்டுக்கொண்டு போகப் போகிறவள் அவள். கறையைக் காட்டு. தேய்த்தால் என்ன போகும் என்று சொல். அவள் என்ன சொல்கிறாளோ அதைச் செய். தேய்க்கச் சொன்னால், தேய்க்க மூன்று நாள் இருக்கிறது. நீ பதினொரு முறை பழகியிருக்கிறாய்.

சீட்டு வேண்டாம். கடிதம் எனக்கு எழுது. அவளிடம் வாயால் சொல்.

நான் உன்னைக் கோபித்துக்கொள்ள முயற்சி செய்து பார்த்தேன். விழுந்த அன்று நீ என் கழுத்துக்குக் கீழே உன் கோட்டை மடித்து வைத்துவிட்டு, பனியில் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். நான் முள்ளங்கியைப் பிடித்திருந்தது உனக்கு நினைவிருக்கிறது. இது எனக்கு நினைவிருக்கிறது.

நேற்று கம்பைப் பிடித்துக்கொண்டு பதினாறு அடி நடந்தேன்.

தமாகி


பிப்ரவரி 26

தமாகி சித்திக்கு,

பதினாறு அடி இப்போது எத்தனை ஆயிற்று? இங்கே கூரைப் பனி உருகிச் சொட்டுகிறது. பகலில் சன்னலைத் திறந்து வைக்க முடிகிறது.

மகினோசான் மூன்று மணிக்கு வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், முடியில் வலைத்தொப்பியின் தடம் இருந்தது. வந்ததும் உங்கள் உடம்பைத்தான் கேட்டார். நேற்றிரவு முழுவதும் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. தட்டைத் திறந்து, விரலால் கறையைக் காட்டி, "இது என் தப்பு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் புரூச்சை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். பரவாயில்லை என்று உடனே சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை.

"ஆமா, தெரியுது" என்றார். "சரி பண்ண முடியுமா?"

"முடியும்" என்றேன். "மூணு நாள்ல தந்துடலாம். ஆனா தேய்க்கணும். தேய்ச்சா புள்ளிங்க மழுங்கிடும்."

"புள்ளிங்கதானே ஆவி?"

"ஆமா."

"அப்புறம் தமாகிசான் வந்து திரும்ப வெச்சுக் குடுப்பாங்களா?"

உங்கள் விரல்களைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. புரூச்சைத் தலைகீழாகத் திருப்பினார், நேராகத் திருப்பினார். பிறகு திடீரென்று சிரித்துவிட்டார்.

"ஐந்நூறு பேர் பானை. பதினெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட அடி பிடிக்கலைன்னு நான் சொன்னா, எங்க சமையலறைல ஒருத்தியும் நம்பமாட்டா. கீழே அடி பிடிச்சிருக்கு, மேலே ஆவி வருது. சரியாத்தான் இருக்கு. தேய்க்காதே."

"நிஜமாவா?" என்று கேட்டேன்.

"நிஜமாத்தான். முதல்ல எனக்குப் பிடிக்கலை. அதான் இவ்வளவு நேரம் பார்த்தேன்."

தன் கோட்டில் குத்திவிடச் சொன்னார். ஊசி இரண்டு முறை வழுக்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தி முடித்ததும் கண்ணாடியில் பார்த்தார். ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார், இன்னொரு பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஐயோ, நான் யாரோ மாதிரி இருக்கேனே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இரண்டு முறை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

"ரின்கா வண்டியில உக்காந்திருக்கா. கூப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. "நீ நல்லா இருக்கேன்னு சொல்றேன்" என்றார். அதற்குச் சரி என்றேன்.

உங்களுக்கு அவர் சொல்லச் சொன்னது: நன்றி, நன்றி, பின்னும் நன்றி. விழா முடிந்ததும் பள்ளிச் சமையலறையிலிருந்து உங்களுக்குக் குழம்புப் பொடி வரும், அவர்களே அரைப்பதாம். நான் சொல்ல வேண்டியதும் அதுவேதான். நீங்கள் வாயால் சொல்லச் சொன்னதற்கு.

கிளம்பும்போது, புரூச்சுக்கு நான் எடுத்து வைத்திருந்த மரப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "மூடி வெறுமையா இருக்கே? செஞ்சவங்க பேர் எழுதித் தர்றேன்னு தமாகிசான் சொன்னாங்களே" என்றார். நீங்கள் வீடு திரும்பியதும் எழுதி அனுப்புவோம் என்றேன். "இல்லை, விழாவுக்கு முன்னாடி வேணும். யார் செஞ்சதுன்னு அங்கே எல்லாரும் கேப்பாங்க. எழுதி வை, நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து எடுத்துக்கறேன்" என்று பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் வண்டி திரும்பும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு கையைக் கழுவிவிட்டு, மை இழைத்தேன். மூடியில் முதலில் உங்கள் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, கொஞ்சம் சிறிதாக, 'நிறம்' என்று எழுதி, என் பெயரை எழுதினேன்.